எடை பாருங்கள், ஊருக்குச் சொல்லாதீர்கள்

அந்த ஸ்கிரீன்ஷாட்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஐந்தாம் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் பிள்ளைகளின் பெயர், உயரம், எடை, உயரத்துக்கு எடை சரியா என்று காட்டும் பிஎம்ஐ என்று வரிசையாகப் போட்டு, கடைசிக் கட்டத்தில் சிலருக்கு மட்டும் சிவப்பு எழுத்தில் ‘ஒபீஸ்’ (மிகக் குண்டு), ‘அண்டர்வெயிட்’ (எடை குறைவு). கீழே, ‘இந்தப் பெற்றோர் கவனிக்கவும்’. அதற்கும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறார்கள் சிலர்.

எடை பார்ப்பதை நான் எதிர்க்கவில்லை. ‘அப்போ பிள்ளை குண்டாகவே இருக்கட்டுமா’ என்று கேட்க வருபவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2013இல் தொடங்கிய ஆர்பிஎஸ்கே என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு அரசுப் பள்ளிகளுக்கே வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. நல்ல விஷயம். ஆனால் பார்த்ததை யாரிடம் சொல்ல வேண்டும்? பெற்றவர்களிடம். அவர்களிடம் மட்டும்.

இங்கிலாந்திலும் நாலைந்து வயதில் ஒருமுறை, பத்துப் பதினொரு வயதில் ஒருமுறை பள்ளியிலேயே எடை பார்க்கிறார்கள். முடிவு பெற்றோருக்குத் தனியாகப் போகிறது. கூடப் படிக்கிற பிள்ளைகளுக்குத் தெரியாது.

நான் எட்டாவது படிக்கும்போது பி.டி. சார் எங்கள் எடையைச் சத்தமாகச் சொல்லுவார், ஒரு பெண் நோட்டில் எழுதிக்கொள்வாள். என் முறை வந்தபோது பின்வரிசையில் சிரிப்பு. பள்ளி முடியும்வரை நான் ‘அரிசி மூட்டை’. அதற்கப்புறம் மைதானத்துப் பக்கமே போகவில்லை. எந்தப் பிள்ளை ஓட வேண்டுமோ அந்தப் பிள்ளையையே விரட்டிவிட்டார்கள்.

‘டீச்சருக்கு ஒவ்வொருவரையும் கூப்பிட நேரம் ஏது?’ ஃபீஸ் பாக்கி என்றால் தனியாகத்தானே போன் வருகிறது? அப்போது நேரம் இருக்கிறதே.

‘மார்க்கையும் குரூப்பில்தானே போடுகிறார்கள்?’ அதுவும் தப்புதான்.

அந்தச் சிவப்பு எழுத்தையாவது விளக்கினார்களா? பிஎம்ஐ 19 என்பது பதினைந்து வயதுப் பெண்ணுக்குச் சாதாரணம், ஆறு வயதுக் குழந்தைக்கு அதிகம். வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் வைத்துத்தான் பார்க்க வேண்டும். வயதுக்கு வரப்போகிற நேரத்தில் பெண் பிள்ளைகளுக்கு எடை கூடுவதும் இயல்பு. நேரில் உட்கார்ந்து பேசினால் இதையெல்லாம் சொல்லலாம், கேட்கலாம்.

‘அண்டர்வெயிட்’ என்று போட்டிருந்த பையனின் அம்மா தையல் வேலை செய்கிறவர். மறுநாள் கேட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் புள்ளைக்குச் சோறு போடலன்னு எல்லாரும் நினைப்பாங்களா அக்கா?” என்று கேட்டார். எனக்குப் பேச்சே வரவில்லை. என் மகள் பெயரும் சிவப்பில்தான் இருந்தது. அன்று ராத்திரி, “அம்மா, எனக்கு எண்ணெய் விடாம சுடு” என்றவள், ஒரு தோசையோடு எழுந்துவிட்டாள். பத்து வயது.

எடைக்கு அம்மாவின் சமையல்தான் காரணமாம், குரூப்பில் அறிவுரை வருகிறது. வாரத்துக்கு இரண்டே பி.டி. பீரியட். பரீட்சை வந்தால் அதையும் கணக்குக்கு எடுத்துக்கொள்கிறீர்கள். காலையிலிருந்து சாயங்காலம்வரை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, எங்கள் அடுப்படியைக் குற்றம் சொல்வீர்களா?

பட்டியலை நீக்கச் சொல்லிப் பள்ளியில் கேட்டேன். “எல்லாரும் பார்த்துட்டாங்களே மேடம், இனிமே எடுத்து என்ன ஆகப்போகுது?” என்றார்கள். எடுங்கள். இன்றைக்கே எடுங்கள். அப்புறம் எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுங்கள், வந்து பேசுகிறோம்.