கட்டியின் எண்ணுக்குத் தனி விலை எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை சேகரிப்பாளர்கள் ஏலத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் பலர் புனிதமாகக் கருதும் 786 என முடியும் எண் பொறித்த அந்த 100 கிராம் வெள்ளிக் கட்டியை, அன்றைய வெள்ளி விலைக்கு மேல் 9,000 ரூபாய் கொடுத்து ஒரு தம்பி எடுத்தபோது நான் சொன்ன ஒற்றை வாக்கியத்துக்காக எனக்குச் சூட்டப்பட்டுவரும் பட்டங்களைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. 'வயிற்றெரிச்சல் பிடித்தவர்' என்பது அவற்றுள் சற்று மென்மையானது. நான் சொன்னது இவ்வளவுதான்: வெள்ளியை எடைக்கும் தரத்துக்கும் வாங்குங்கள், எண்ணுக்குக் காசு கொடுக்காதீர்கள். இன்றும் அதையேதான் சொல்கிறேன்.

கட்டியில் எண் எதற்காகப் பொறிக்கப்படுகிறது என்பதை முதலில் யோசிக்க வேண்டும். லண்டன் சந்தையில் கைமாறும் பெரிய தங்கக் கட்டி 350 முதல் 430 டிராய் அவுன்ஸ் வரை, அதாவது ஏறத்தாழ 11 கிலோவிலிருந்து 13 கிலோவுக்குச் சற்று மேல் வரை இருக்கலாம். தரம் 995-க்குக் குறையக் கூடாது, அதாவது ஆயிரம் பங்கில் 995 பங்காவது தங்கமாக இருக்க வேண்டும். உருக்கியவரின் முத்திரை, தரம், ஆண்டு ஆகியவற்றோடு ஒரு வரிசை எண்ணும் இருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டியின் எடையும் சிறிது வேறுபடுவதால், எந்தக் கட்டி யாருடையது, அதன் எடை என்ன என்று பேரேட்டில் குறித்துக்கொள்ள அந்த எண் வேண்டியிருக்கிறது. 2017-இல் ஜே.பி. மார்கன் வங்கியின் பெட்டகத்தில் ஒரே எண்ணைத் தாங்கிய ஒரு கிலோ தங்கக் கட்டிகள் இரண்டு இருப்பது தெரிய வந்ததால்தான், சுவிட்சர்லாந்து நிறுவனங்களின் முத்திரையைப் போலியாக அடித்த கட்டிகள் சந்தையில் உலவுவது வெளியே வந்தது. எண்ணின் வேலை அது. பெட்டகத்தில் இருக்கும் கட்டியின் எண் 786 என முடிகிறது என்பதற்காக எந்த மத்திய வங்கியும் ஒரு பைசா கூட்டிக் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஏலம் கூறியவர் 'கோடியில் ஒன்று' என்று மூன்று முறை சொன்னார். கட்டியில் இருந்தது ஆறு இலக்க எண். ஆறு இலக்கத்தில் மொத்தமே பத்து லட்சம் எண்கள்தாம். அதில் கோடியில் ஒன்று எங்கிருந்து வந்தது? போகட்டும். அந்தப் பத்து லட்சத்தில் 786 என முடிபவை மட்டும் 1,000. எங்கேனும் ஓரிடத்தில் 786 வந்தால் போதும் என்றால் 3,999. எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்தை மாற்றியோ ஆண்டை மாற்றியோ அடுத்த வரிசையைத் தொடங்கினால் இன்னொரு 3,999. அரிதான பொருள் என்று சொல்லி விற்கப்பட்டதன் அருமை இவ்வளவே. 482913 என்ற எண்ணும் அதன் வரிசையில் ஒன்றே ஒன்றுதான். அதற்கு மட்டும் யாரும் கை தூக்குவதில்லை.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, காசு கொடுத்துக் கற்றேன். 2014-இல் 777777 என்ற எண் கொண்ட 50 கிராம் வெள்ளிக் கட்டியை, எண்ணுக்காக மட்டும் 2,000 ரூபாய் அதிகம் கொடுத்து வாங்கினேன். கட்டியோடு உறையில் வந்த அட்டையிலும் அதே எண், கட்டியிலும் அதே எண். வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினேன். 2021-இல் அம்மாவின் அறுவைச் சிகிச்சைக்காகப் பணம் தேவைப்பட்டபோது, எண்ணை மதிக்கும் சேகரிப்பாளர்கள் எட்டுப் பேரிடம் கேட்டேன். எட்டுப் பேருக்கும் அந்த மாதம் கை கடித்தது. கடைசியில் சௌகார்பேட்டையில் வெள்ளியை உருக்கும் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் கத்தரிக்கோலை எடுத்து உறையை வெட்டி, ஓரத்தை அரத்தால் லேசாகத் தேய்த்து, ஒரு சொட்டு அமிலம் விட்டுப் பார்த்தார். எண் அந்த ஓரத்தில்தான் பொறிக்கப்பட்டிருந்தது. அரம் பட்டதில் கடைசி ஏழின் வால் போய்விட்டது. நான் பதறி எண்ணைச் சுட்டிக் காட்டினேன். "உருக்கினா நம்பர் எங்க சார் இருக்கப் போகுது?" என்றார். அதில் கேலிகூட இல்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

'நோட்டுக்கு மட்டும் கொடுக்கிறீர்களே' என்று கேட்கிறார்கள். ஆம், என்னிடம் 123456 என முடியும் பத்து ரூபாய் நோட்டு இருக்கிறது, அதற்கு அதிகம் கொடுத்துத்தான் வாங்கினேன். ஆனால் நோட்டு வெறும் காகிதம். அதில் ரிசர்வ் வங்கி ஆளுநரின் கையொப்பம், ஆண்டு, எண்ணுக்குப் பின்னால் மங்கலாகத் தெரியும் எழுத்து, முன்னொட்டு, எண் ஆகியவைதாம் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிக்கின்றன. கிழிந்தால் ஒழிய அவை அழிவதில்லை, அதை யாரும் உருக்குவதும் இல்லை. இரண்டும் ஒன்றல்ல என்பதை இதற்கு மேல் விளக்க எனக்குப் பொறுமை இல்லை. வண்டி எண்ணைப் பற்றிக் கேட்பவர்களுக்குப் பதிலே கிடையாது. அது அரசாங்கம் விற்கும் ஆடம்பரம். 786-ஐப் புனிதமாகக் கருதுவோரின் நம்பிக்கையை நான் தொடவில்லை. அந்த நம்பிக்கையை விலைப்பட்டியலாக்குபவர்களைத்தான் சொல்கிறேன்.

எங்கெல்ஹார்ட், ஜான்சன் மாத்தே என்ற சுத்திகரிப்பு நிறுவனங்களின் பழைய கட்டிகளுக்கு வட அமெரிக்காவில் அதிக விலை கிடைக்கிறதே என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஜான்சன் மாத்தே தன் தங்க, வெள்ளிச் சுத்திகரிப்புத் தொழிலை 2015-இல் அசாஹி நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. பழைய கட்டிகள் இனி வரப் போவதில்லை. அங்கே எண் அந்தக் கட்டி எந்தக் காலத்தது என்று சாட்சி சொல்கிறது. சாட்சிக்கு மதிப்பு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். போன வருடம் அடித்த கட்டி எதற்குச் சாட்சி சொல்லும்?

'அவன் காசு, அவன் விருப்பம், உங்களுக்கென்ன' என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்கு ஒன்றுமில்லைதான். ஏலத்தில் அந்தக் கட்டியை எடுத்த தம்பி சேகரிப்புப் பக்கம் வந்து நான்கு மாதங்கள்கூட ஆகவில்லை. முதல் முறை வந்தபோது உருப்பெருக்கிக் கண்ணாடியை எப்படிப் பிடிப்பது என்று காட்டிக் கொடுத்தவன் நான், அந்தக் கண்ணாடியே என்னுடையதுதான். கையில் இருந்த முதல் சம்பளப் பணத்தில் அவர் எண்ணுக்கு விலை கொடுத்துக்கொண்டிருந்தபோது, விலை தெரிந்த மூத்தவர்கள் இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்து கை தூக்கித் தூக்கி ஏற்றிவிட்டார்கள். பிறகு தேநீர் குடித்தபடி சிரித்தார்கள். நான் பேசியது பொறாமையாம், அவர்கள் சிரித்தது ஊக்கமாம்.

என் 777777 எண் அட்டையை மட்டும் அந்தக் கடைக்காரரிடம் திரும்பக் கேட்டு வாங்கி வந்தேன். வெட்டிய உறையோடு மேசை இழுப்பறையில் கிடக்கிறது. எண்ணுக்குத்தான் விலை என்று அடித்துச் சொல்பவர்கள் யாரேனும் 2,000 ரூபாயோடு வந்தால் எடுத்துத் தருகிறேன். எண் முழுதாக இருக்கிறது, வெள்ளி மட்டும் இல்லை.