அண்ணிக்கு நான் வாங்கிக் கொடுத்த சொட்டு மருந்து

அம்மா போய் ஏழு மாதம் ஆகிறது. யார் துக்கம் கேட்க வந்தாலும் அண்ணி இன்னமும் ஒரே வரியைத்தான் சொல்கிறார்: "அன்னைக்கு ராத்திரி நான் மட்டும் கண்ணசராம இருந்திருந்தா, அத்தை இருந்திருப்பாங்க."

பக்கவாதம் வந்து நாலு வருஷம் படுக்கையில் கிடந்தார் அம்மா. சேலம் அஸ்தம்பட்டி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டது அண்ணி. கார்த்திகையில் ஒரு நாள், மூன்று நாள் காய்ச்சலோடு இருந்த அண்ணி அசந்து தூங்கிவிட, அம்மா தானாக எழப் பார்த்துக் கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிந்தது. இருபது நாளில் எல்லாம் முடிந்துவிட்டது. நாலு வருஷம் என்றால் 1,460 ராத்திரி. அதில் ஒரே ஒரு ராத்திரி.

நான் சென்னையில். அக்கா பெங்களூரில். அண்ணனுக்கு ஓசூரில் வேலை, சனிக்கிழமை இரவு வந்து ஞாயிறு சாயங்காலம் கிளம்பிவிடுவார். எங்கள் மூன்று பேருக்கும் தூக்கம் நன்றாகத்தான் வருகிறது.

மாசியில் ஊருக்கு வந்தபோது அண்ணி பாதியாக இளைத்திருந்தார். ஆபீஸ் நண்பர் ஒருவர் பாக் மலர் மருந்து பற்றிச் சொல்லியிருந்தார். தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு மருகுகிறவர்களுக்கு என்றே அதில் 'பைன்' என்று ஒன்று இருக்கிறதாம். நாலு ரோடு பக்கம் ஒரு ஹோமியோபதி கடையில் கேட்டேன், கிடைத்தது. ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டு, அவ்வப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும் என்றார்கள்.

அண்ணி மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "என்ன தம்பி, சாராய வாடை அடிக்குது?"

அடிக்கத்தான் செய்யும். அதில் பிராந்திதான் முக்கால்வாசிக்கும் மேல். எட்வர்ட் பாக் என்ற ஆங்கிலேய டாக்டர், 1886-இல் பிறந்தவர், லண்டனில் நல்ல பிராக்டிஸை விட்டுவிட்டு 1930-இல் கிராமப்பக்கம் போய்ச் செடி கொடிகளோடு உட்கார்ந்துவிட்டார். 1936-இல் இறப்பதற்குள் 38 மருந்துகள் செய்துவைத்தார். பைன் அதில் ஒன்று. மரத்தின் இளங்கொழுந்தை ஊற்றுத் தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவைத்து, வடிகட்டி, சம அளவு பிராந்தி கலப்பார்கள். அதிலிருந்து இரண்டே சொட்டை மறுபடி 30 மில்லி பிராந்தியில் விட்டால் கடைக்கு வரும் பாட்டில். இன்னொரு வேடிக்கை, பைனுக்கு உண்மையில் பூவே கிடையாது, கூம்புதான். மலர் மருந்து என்பது ஒரு மரியாதைக்கு.

போனில் மரத்தின் படத்தைக் காட்டினேன். அண்ணி ஏற்காட்டுக்காரர், அப்பா காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்தவர். "சவுக்கு மாதிரி இருக்கு. எங்க தோட்டத்துல எல்லாம் சில்வர் ஓக்குதான். காப்பி பூத்தா வாசம் வரும் பாருங்க, அதுல மனசு லேசாகும்னு சொன்னாக்கூட நம்பலாம்" என்றார். ஆனாலும் நான் வாங்கி வந்தேனே என்று ஒரு மாதம் குடித்தார்.

ஒன்றும் ஆகவில்லை. அப்புறம்தான் நான் தேடிப் படித்தேன் (வாங்கிய பிறகு படிப்பது என் வழக்கம்). இந்த மருந்துகளை வைத்து முறையாகச் செய்த சோதனைகளையெல்லாம் தொகுத்துப் பார்த்து, எட்சார்ட் எர்ன்ஸ்ட் என்ற ஆய்வாளர் 2010-இல் எழுதியிருக்கிறார்: மருந்துச் சரக்கே இல்லாமல் ஒப்புக்குக் கொடுக்கும் போலி மருந்துக்கும் (பிளாசிபோ) இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. தூக்கமில்லாமல், சாப்பாடு இறங்காமல் ஒருவர் வாரக்கணக்கில் இருந்தால் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போவதுதான் முறை. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், தமிழிலேயே பேசலாம். இதையெல்லாம் விட்டுவிட்டு நான் கடைக்குப் போனேன்.

ஆனால் மருந்து வேலை செய்யாதது என் கோபமில்லை. வேலை செய்திருந்தால்? நாலு வருஷம் மலம் அள்ளியவருக்குக் குற்ற உணர்ச்சி இருக்கிறது, மாதம் ஒன்றாம் தேதி ஜிபே பண்ணியவனுக்கு இல்லை. அந்த 38-இல் கர்வத்துக்கு இருக்கிறது, பொறாமைக்கு இருக்கிறது, அதிகாரம் செய்கிறவர்களுக்கும் இருக்கிறது. வரவேண்டிய குற்ற உணர்ச்சி வராதவனுக்கு மட்டும் நான் தேடியவரை ஒன்றும் இல்லை. இருந்தால் எங்கள் வீட்டுக்கு மூன்று பாட்டில் தேவைப்படும்.

2007-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 'பிள்ளைகள்' என்று யாரைச் சொல்கிறது தெரியுமா? மகன், மகள், பேரன், பேத்தி. மருமகள் அந்தப் பட்டியலிலேயே இல்லை. சட்டம் கேட்காததை அண்ணி செய்தார். சட்டம் கேட்டதை நாங்கள் செய்யவில்லை. சாவு வீட்டில் "நீதான் பக்கத்துல இருந்தியாம்மா?" என்று சொந்தக்காரர்கள் கேட்டது அண்ணியை மட்டும்தான். என்னிடம் "எப்ப வந்தீங்க, பஸ்ஸா டிரெயினா?" என்றார்கள்.

போன வாரம் வந்திருந்தபோது அடுப்படியில் நின்றுகொண்டு சொல்லிவிட்டேன். "அண்ணி, அன்னைக்கு ராத்திரி அங்க முழிச்சிருக்க வேண்டியது நாங்க மூணு பேரு. நீங்க இல்ல."

அண்ணி தோசைக் கரண்டியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கல்லையே பார்த்தார். "இதை அன்னைக்கே, அத்தனை பேரு முன்னால சொல்லியிருக்கலாம்ல தம்பி?"

பதில் இல்லை என்னிடம். அதனால்தான் இங்கே, சொந்தக்காரர்கள் எல்லாரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன்.

அந்தப் பாட்டிலைக் கழுவி, தையல் மிஷினுக்கு எண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறார். சொட்டுக் குழாய் பாபினுக்குச் சரியாக இருக்கிறதாம். ஆடி அமாவாசைக்கு அக்கா வருகிறாள், அவளும் பேசுவதாகச் சொல்லியிருக்கிறாள். அண்ணன் இன்னும் வாய் திறக்கவில்லை.