நான்காவது திசை

நான்காம் பரிமாணம் பற்றிப் பேச ஆரம்பித்தாலே யாராவது ஒருவர் "அது காலம்தானே" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாட்டில் அப்படிச் சேர்த்துக்கொள்வது சரி. நான் கேட்பது வேறு. நீளம், அகலம், உயரம் மூன்றுக்கும் செங்குத்தாக இன்னொரு திசை இருந்தால் அது எப்படித் தெரியும்?

"மனித மூளைக்கு எட்டாது" என்பார்கள். இதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. முப்பரிமாணத்தையே நாம் நேராகப் பார்ப்பதில்லையே! விழித்திரையில் விழுவது தட்டையான படம். இரண்டு கண்களின் படங்களுக்கும் உள்ள சின்ன வித்தியாசம், நிழல், தலையை அசைத்தால் பொருள்கள் இடம் மாறும் விதம், இவற்றை வைத்துத்தான் மூளை ஆழத்தைக் கட்டி எழுப்புகிறது.

கம்பியில் ஒரு கனசதுரம் செய்து, பக்கத்தில் விளக்கை வைத்துச் சுவரில் நிழலைப் பாருங்கள். பெரிய சதுரத்துக்குள் சின்னச் சதுரம், மூலைகளை இணைக்க நான்கு கோடுகள். உள்ளே இருப்பது உண்மையில் சின்னதில்லை, விளக்கிலிருந்து தள்ளி இருக்கிறது, அவ்வளவுதான். மெல்லத் திருப்பினால் அதுவே முன்னால் வந்து பெரிதாகும். நாற்பரிமாணக் கனசதுரமான டெசராக்டின் நிழலும் அப்படித்தான்: பெரிய கனசதுரத்துக்குள் ஒரு சின்னக் கனசதுரம், நடுவே தலை வெட்டிய பிரமிடு போல ஆறு. மொத்தம் எட்டு. நிழலில் கோணலாகத் தெரிந்தாலும் எட்டுமே ஒரே அளவுள்ள கனசதுரங்கள்.

பழகினால் இது கைவரும் என்பதற்குக் கணித அறிஞர் அலிசியா பூல் ஸ்டாட் சாட்சி. பல்கலைக்கழகம் போகாதவர். இளம் வயதில், நான்காம் பரிமாணத்தை மனதில் காணப் பழக்குவதற்காகக் கணிதவியலாளர் சார்ல்ஸ் ஹின்டன் கொண்டுவந்த மரக்கட்டைகளை வைத்துப் பழகி, நான்கு பரிமாணத்தில் உட்குழிவு இல்லாத ஒழுங்கு வடிவங்கள் (டெசராக்டைப் போல எல்லாப் பக்கங்களும் மூலைகளும் ஒரே மாதிரி உள்ளவை) ஆறு மட்டுமே என்று தானாகவே கண்டடைந்தார். அவற்றின் வெட்டுமுகங்களை அட்டையில் செய்தும் காட்டினார். 1914இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் கொடுத்தது.

அந்தத் திசையிலிருந்து ஒருவர் நம்மைப் பார்த்தால்? அவருடைய விழித்திரையே முப்பரிமாணமாக இருக்கும். தாளில் வரைந்த வட்டத்தின் கோட்டையும் உட்புறத்தையும் நாம் ஒரே பார்வையில் பார்ப்பதுபோல, பூட்டிய பெட்டியின் வெளிப்புறத்தையும் உள்ளே இருப்பதையும் அவர் சேர்த்தே பார்ப்பார். எதையும் ஊடுருவ வேண்டியதில்லை. இடது கையுறையை எடுத்து அந்தத் திசையில் ஒரு திருப்பு திருப்பி வைத்தால் நமக்குக் கிடைப்பது வலது கையுறை. முடிச்சு போட்டு இரு முனைகளையும் ஒட்டிய கயிற்றைக்கூட அறுக்காமலே அவிழ்த்துவிடுவார்.

சுழலும் டெசராக்டின் படத்தைத் தினமும் கொஞ்ச நேரம் பார்க்கிறேன். நேற்று ஒரு கணம், உள் கனசதுரம் சுருங்குவதாகத் தோன்றவில்லை. தள்ளிப் போவதாகத் தோன்றியது.