பிளெண்டட் விஸ்கின்னா மட்டமா?

கோத்தகிரி கல்யாண வீட்டுல ஒரு அங்கிள் பிளெண்டட் விஸ்கியோட இருந்த போட்டோவுக்குக் கீழ நடந்ததை இங்க பாதிப் பேர் பார்த்திருப்பீங்க. ஸ்க்ரீன்ஷாட் போட மனசு வரல. "இன்னுமா அங்கிள் பிளெண்டட்? சிங்கிள் மால்ட் ருசி தெரிஞ்சவங்க இதைத் தொடக்கூட மாட்டாங்க"ன்னு ஒருத்தர் எழுத, அதுக்கு வரிசையா சிரிப்பு எமோஜி. அந்த அங்கிள் என் பெரியப்பா.

சிங்கிள் மால்ட்ங்கிறது ஒரு வகை. தகுதிப் பட்டம் இல்லை. ஸ்காட்லாந்துல ஒரே டிஸ்டில்லரியில, அதாவது விஸ்கி காய்ச்சுற ஒரே ஆலையில, முளைகட்டின பார்லியை (மால்ட்) மட்டும் வெச்சு, பாட் ஸ்டில்ங்கிற செம்புப் பானையில காய்ச்சி, குறைஞ்சது 3 வருஷம் ஓக் மரப் பீப்பாயில ஊறினா அது சிங்கிள் மால்ட் ஸ்காட்ச். அதுலயும் அந்த டிஸ்டில்லரியோட பல பீப்பாய்ச் சரக்கைக் கலந்துதான் பெரும்பாலும் பாட்டில்ல அடைக்கிறாங்க. லேபிள்ல 12ன்னு போட்டிருந்தா, உள்ள இருக்கிறதுலயே வயசு குறைஞ்ச சரக்குக்கு 12. பிளெண்டட்ல பல டிஸ்டில்லரி மால்ட்டோட கோதுமை, மக்காச்சோளத்துல காய்ச்சின கிரெய்ன் விஸ்கியும் சேரும். அந்தக் கிரெய்னும் அதே 3 வருஷம் ஓக்ல கிடந்துதான் ஆகணும். கலப்படம் எங்க இருக்கு இதுல?

1963ல கிளென்ஃபிடிக் டிஸ்டில்லரி தன் மால்ட்டை வெளிநாட்டுல தனியா விக்கக் கிளம்புற வரைக்கும், ஸ்காட்லாந்து மால்ட்ல பெரும்பங்கு பிளெண்டட் கலக்குற பிளெண்டர் கைக்குத்தான் போச்சு. ஜானி வாக்கர் பிளாக் லேபிள்ங்கிற பிளெண்டட்டுக்குள்ள ஸ்காட்லாந்து இஸ்லே தீவோட 'கல் ஈலா' டிஸ்டில்லரி மால்ட்டும் இருக்கு. ஜப்பான்காரன் ஹிபிக்கி விஸ்கியைக் கொடுத்தா ரெண்டு கையால வாங்கி போட்டோ எடுத்துப் போடுறீங்க. அதுவும் பிளெண்டட்தான். ஜேம்சன் அயர்லாந்து பிளெண்டட். அப்ப மட்டும் யாருக்கும் சிரிப்பு வரல.

பெரியப்பா வேலைக்காலம் பூரா குன்னூர்ல தேயிலை டேஸ்டர். வரிசையா வெச்ச கிண்ணத்துல ஒவ்வொண்ணா உறிஞ்சித் துப்பிட்டு, எந்தத் தோட்டம், மழைக்கால இலையா பனிக்கால இலையான்னு சொல்லுவார். தை மாசப் பனியில வர்ற இலைக்கு இருக்கிற மணம் ஆடி மழை இலைக்கு வராது. ஆனா கடையில பாக்கெட் வாங்குறவங்களுக்கு வருஷம் பூரா ஒரே ருசி வேணும். பல தோட்டத்து இலையைக் கலந்து அந்த ருசியைப் பிடிக்கிறதுதான் அவர் தொழில். சின்ன வயசுல அவர் பக்கத்துல நின்னு நானும் உறிஞ்சிப் பார்த்திருக்கேன், எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தது எனக்கு. அந்த மனுஷனுக்கு நாக்கு இல்லைன்னு எழுதுறீங்க!

"லஃப்ராய்க் சிங்கிள் மால்ட்டோட புகை வாசம் எந்த பிளெண்டட்ல வரும்?"னு கேப்பீங்க. அந்த அளவுக்கு வராது. எனக்கும் அது பிடிக்கும். அதுக்காக மத்ததெல்லாம் குப்பையாயிடுமா?

"நம்ம ஊர் பிளெண்டட் குடிச்சா மண்டை பிளக்குதே"ங்கிறது இன்னொண்ணு. இங்க விக்கிற மலிவு விஸ்கியில பலதும் வெல்லப்பாகுக் கழிவுல காய்ச்சின ஸ்பிரிட். ஐரோப்பாவில அதை விஸ்கின்னு விக்கவே முடியாது. அந்தக் கோபத்தை ஸ்காட்ச் பிளெண்டர் தலையில இறக்காதீங்க. இதே ஆளுங்கதான் இந்திய மால்ட்னா முகம் சுளிச்சவங்க. பெங்களூர் அம்ருத் கம்பெனி 2004ல கிளாஸ்கோவுல போய் மால்ட்டை இறக்கி, வெள்ளைக்காரன் பாராட்டினப்புறம்தான் இவங்களுக்கு அதுல ருசி தெரிஞ்சது.

"குடிக்கு வக்காலத்தா?"ன்னும் வருவாங்க. குடியால நொடிச்ச குடும்பம் எங்க லைன்லயும் உண்டு. யாரையும் குடிக்கச் சொல்லல. குடிக்கிற பெரியவரை நாலு பேர் முன்னாடி அவமானப்படுத்தாதீங்கன்னுதான் சொல்றேன். "இனிமே விசேஷத்துக்கு நான் எதுவும் எடுத்துட்டு வரலைப்பா"ன்னுட்டார் பெரியப்பா. கேட்டதும் எனக்குத் தொண்டை அடைச்சது.

எத்தனை பேர் எங்க நீலகிரி மலைக்கு ஏறி வந்து காட்டேஜ் போட்டு, எங்களுக்கே டீயும் சொல்லிக் கொடுத்து, விஸ்கியும் சொல்லிக் கொடுத்து, பாட்டிலைச் சோலைக்காட்டுக்குள்ள வீசிட்டுப் போறாங்க. அதை மிதிச்சு யானைக்குக் கால் கிழியுது. அதனாலதான் 2022ல கோர்ட் சொல்லி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தா 10 ரூபான்னு நீலகிரி டாஸ்மாக்ல கொண்டு வந்தாங்க. மால்ட் குடிச்சுட்டு வீசின பாட்டிலும் யானைக் காலைக் கிழிக்கத்தான் செய்யும்.

சவால் விடுறவங்க வாங்க. லேபிளை மறைச்சு நானே ஊத்தித் தரேன், எது மால்ட் எது பிளெண்டட்னு சொல்லுங்க. பெரியப்பாவும் உக்காருவார், நான் கூப்பிட்டா வருவார். வண்டியை மட்டும் வீட்டுல விட்டுட்டு வாங்க. பனியில அந்தக் கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்க முடியாது.