'மெட்ராஸ்' கறியை இகழ வேண்டியதில்லை

பிரிட்டனில் தெருவுக்குத் தெரு இருக்கும் இந்திய உணவகங்களில் கிடைப்பது உண்மையான இந்தியச் சாப்பாடே அல்ல என்று அண்மையில் ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. அவற்றில் பெரும்பாலானவற்றை வளர்த்தெடுத்தவர்கள் இன்றைய வங்கதேசத்தின் சில்ஹெட் பகுதியைச் சேர்ந்தவர்கள். கப்பல்களில் கூலி வேலைக்கு வந்து, லண்டன் துறைமுகத்தில் இறங்கித் தங்கிவிட்டவர்கள் அவர்களுக்கு முன்னோடிகள்.

எங்கள் வீட்டருகே உள்ள உணவகத்தின் உரிமையாளர் ஒருமுறை என்னைச் சமையலறைக்குள் அழைத்துச் சென்று காட்டினார். நிறைய வெங்காயத்தை மணிக்கணக்கில் வேகவைத்து மைய அரைத்த குழம்பு பெரிய அண்டாவில் இருந்தது. கோர்மா, மெட்ராஸ், விண்டலூ எனக் கறி வகைகளில் எதைக் கேட்டாலும், எண்ணெயில் மசாலாப் பொடியை வதக்கி, அந்தக் குழம்பில் இரண்டு கரண்டி மொண்டு ஊற்றி, வாணலியின் ஓரத்தில் அது பற்றிப் பிடித்துக் கருகுவதற்குள் சுரண்டிக் கிளறி, சில நிமிடங்களில் இறக்கிவிடுகிறார்கள். இதைக் குறுக்குவழி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது தேர்ந்த கைப்பழக்கம்.

'மெட்ராஸ்' என்பது அங்கே காரத்தின் அளவைச் சொல்லும் பெயர்தான்; சென்னையில் எந்த வீட்டிலும் அப்படியொரு குழம்பு வைப்பதில்லை என்பதும் உண்மை. ஆனால் இந்தியாவிலிருந்து வந்து குடியேறிய ஷேக் தீன் முகமது 1810-இல் லண்டனில் இந்திய உணவகம் திறந்த நாளிலிருந்தே, ஊருக்கேற்ப மாறித்தான் இந்தச் சமையல் நிலைத்திருக்கிறது. கட்டுரையாளர் அடுத்த முறை செல்லும்போது, பணியாளர்கள் தமக்கென்று சமைத்துக்கொள்ளும் மீன் குழம்பு கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கட்டும். எனக்கு மனமுவந்து பரிமாறினார்கள்.