'நம்மவர்களுக்குச் சவுக்குதான் சரி' என்று கைதட்டியவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் காணொளியை இதற்குள் பலரும் பார்த்திருப்பீர்கள். நான் கேள்வி கேட்க எழுந்ததும் ஒலிவாங்கி வேறு கைக்குப் போனதையும் பார்த்திருப்பீர்கள். அது போகட்டும். 'ஆசியர்களின் இயல்புக்கு எதேச்சதிகாரம்தான் பொருந்தும், மான்டெஸ்கியூவே சொல்லிவிட்டார்' என்று பேச்சாளர் முழங்கியபோது அரங்கமே கைதட்டியதே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

பிரெஞ்சு அரசியல் சிந்தனையாளர் மான்டெஸ்கியூ ஆசியாவில் கால் வைத்தவரே அல்லர். வெப்பம் மனிதனைக் கோழையாக்கும், ஆசியாவில் அடிமை மனப்பான்மை ஊறிக் கிடக்கிறது என்று 1748-இல் அவர் எழுதியதெல்லாம் பயணிகளின் குறிப்புகளைப் புரட்டி எழுதியது. அவற்றில் ஒன்று, ஔரங்கசீப் காலத்தில் இங்கே இருந்த மருத்துவர் பெர்னியருடையது. நிலமெல்லாம் அரசனுக்கே சொந்தம் என்று அடித்துச் சொன்னவர் அவர்.

இதை மறுத்தவரும் ஒரு பிரெஞ்சுக்காரர்தான். ஆங்கெத்தில் துய்பெரோன் 1755-இல் புதுச்சேரியில் வந்திறங்கி, 1761 வரை இந்தியாவில் இருந்தவர். துருக்கி, பாரசீகம், இந்தியா மூன்றிலும் அரசனையும் கட்டுப்படுத்தும் எழுதப்பட்ட சட்டம் உண்டு, குடிகளுக்கு நிலத்தில் சொத்துரிமை உண்டு என்று 1778-இல் ஒரு நூலே எழுதினார். நம் பேச்சாளர் அவர் பெயரைக்கூடச் சொல்லவில்லை. சொன்னால் கைதட்டல் குறைந்துவிடுமே!

அவ்வளவு தூரம் போவானேன்? சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ், குறளை மொழிபெயர்த்த நம் எல்லீசன்தான், 1818-இல் மிராசு உரிமை, அதாவது ஊர் நிலத்தில் குடிகளுக்கு இருந்த பரம்பரை உரிமை, பற்றி விரிவாக எழுதினார். தொண்டை மண்டலத்தில் அந்தக் காணியை, அரசனுக்கே சொந்தம் என்று பெர்னியர் சொன்ன நிலத்தை, குடிகள் விற்றார்கள், அடகு வைத்தார்கள், பிள்ளைகளுக்கு விட்டுச் சென்றார்கள்.

ஆகவே திரும்பவும் சொல்கிறேன். 'இவர்கள் அடிமைப் புத்திக்காரர்கள்' என்பது கண்டறிந்த உண்மை அல்ல, ஆள வந்தவனுக்குத் தேவைப்பட்ட சாக்கு. வங்காளத்தில் கம்பெனியின் கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது 1788-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் விசாரணை தொடங்கியபோது, ஆசியாவில் ஆள்பவனின் அதிகாரத்துக்கு வரம்பு கிடையாது என்ற சாக்கைத்தான் குற்றம் சாட்டிய நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க் கிழித்துத் தொங்கவிட்டார். என்ன பயன்? 1795-இல் ஹேஸ்டிங்ஸ் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். 35 ஆண்டுகள் கிழக்கிந்தியக் கம்பெனியின் சம்பளம் வாங்கிய ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-இல் தனிமனிதச் சுதந்திரத்துக்காக உருகி உருகி ஒரு நூல் எழுதினார். காட்டுமிராண்டிகளை முன்னேற்றுவதற்காக என்றால் எதேச்சதிகாரம் நியாயமே என்பதும் அதே நூலில்தான் இருக்கிறது.

முன்னேற்றிய அழகைச் சென்னை மாகாணத்தின் சித்திரவதை விசாரணைக் குழு 1855-இல் பதிவு செய்தது. வரி கட்டாதவனைக் குனியவைத்துக் கயிற்றால் பிணைத்து வெயிலில் விடுவதற்கு அண்ணாந்தாள் என்று பெயர். கட்டைகளுக்கிடையே கையை வைத்து நெரிப்பது கிட்டி. 'அதைச் செய்த சேவகர்கள் நம்மவர்கள்தானே?' என்பீர்கள். வசூலான பணம் எந்தக் கஜானாவுக்குப் போனது?

'மான்டெஸ்கியூ உண்மையில் குறிவைத்தது பிரெஞ்சு மன்னனை' என்று ஒருவர் பாடம் எடுத்தார். இருக்கட்டும். உங்கள் மன்னனை அடிக்க எங்கள் முதுகுதான் கிடைத்ததா? 'மிராசு என்ன பொற்காலமா, பண்ணையாட்கள் அங்கே அடிமைகளாகக் கிடக்கவில்லையா?' என்ற கேள்வி நியாயமானது. கிடந்தார்கள், தலைமுறை தலைமுறையாக. அந்தக் கொடுமையைச் செய்தது ஊரும் சாதியும். வெயிலின் மேல் பழியைப் போட்டு அவற்றைத் தப்பவிடுகிறவர் உங்கள் பேச்சாளர்தான்.

என் பெரியப்பாவும் இதே கட்சி. நெருக்கடி நிலையில் ரயில் நேரத்துக்கு வந்தது, அலுவலகத்தில் ஆள் இருந்தது என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். அவர் வீட்டுச் சுவரை இடித்துச் சாக்கடை வெட்ட நகராட்சி ஆட்கள் வந்த அன்று, 'நோட்டீஸ் எங்கே, சட்டம் இல்லையா?' என்று தெருவே கேட்கக் கத்தியவரும் அவர்தான். சவுக்கு வேண்டும் என்பவர்கள் எல்லோருக்கும் அது அடுத்தவன் முதுகுக்குத்தான் வேண்டியிருக்கிறது.

நான் மன்னர்களுக்குக் கொடி பிடிக்கவில்லை, பின்னூட்டத்தில் அதைக் கேட்டு வராதீர்கள். கொடுங்கோன்மைக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கி, வேலோடு நின்று பறிப்பவனும் கோலோடு நின்று கேட்கும் அரசனும் ஒன்று என்ற வள்ளுவரைப் பள்ளியிலேயே படித்தவர்கள்தானே அந்த அரங்கில் அமர்ந்திருந்தீர்கள்? ஒருவருக்குக்கூடவா உறுத்தவில்லை?

மேடையில் இருந்த நண்பர் ஒருவர் 'கோபம் உடம்புக்கு ஆகாது' என்று இரவு செய்தி அனுப்பினார். என்னோடு சேர்ந்து இதையெல்லாம் படித்தவர். அங்கே வாய் திறக்காதவர், காணொளிக்கு மட்டும் இதயம் போட்டிருக்கிறார்.