அம்மாவின் அளவு நோட்டு

சென்ற மாதம் நாகர்கோவிலில் ஒரு கல்லூரிக் கருத்தரங்கில் பேசிய மூவரும், இலக்கியமும் உடையும் கலையும் காலத்தின் கண்ணாடி என்று ஒருவர் விடாமல் சொன்னார்கள். எனக்குக் கிடைத்த ஐந்து நிமிடத்தில் அதை மறுத்துப் பேச ஆரம்பித்து, பாதியிலேயே மணி அடிக்கப்பட்டு இறங்கிவிட்டேன். மீதியை இங்கே எழுதுகிறேன். கண்ணாடி முகத்தை உடனே காட்டும். எங்கள் குமரி மாவட்டத்தில் அச்சேறிய இலக்கியமோ சில முகங்களைக் காட்ட நூறு ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது. மாற்றம் இங்கே முதலில் துணியில்தான் வந்தது. கதை அதன் பின்னால் நடந்து வந்தது.

இப்படி எனக்குத் தோன்றக் காரணம் ஒரு நோட்டு. தக்கலைப் பக்கம் எங்கள் வீட்டுத் திண்ணையில் அம்மா 1974 முதல் தையல் இயந்திரம் போட்டிருந்தார். வருகிறவர்களின் அளவை எழுதி வைக்கும் நீள நோட்டுகள் ஏழு இன்றும் என்னிடம் இருக்கின்றன. முதல் இரண்டு நோட்டுகளில் 'ஜம்பர்' என்றே எழுதியிருக்கிறார்; எங்கள் பக்கத்துப் பாட்டிகள் ரவிக்கையை இன்றும் அப்படித்தான் சொல்வார்கள். 80களில் அது 'பிளவுஸ்' ஆகிறது, கை பஃப் வைத்து உப்புகிறது, பிறகு சுருங்குகிறது, 90களின் நடுவில் 'சுடி' என்ற சொல் பக்கத்தை நிறைக்க ஆரம்பிக்கிறது. முன் கழுத்து, பின் கழுத்து, கை நீளம், இடுப்பு என்று வரிசையாக எண்கள். அவற்றில் ஒரு பக்கத்தை மட்டும் நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன். கல்யாணப் பெண் ஒருத்திக்கு பின் கழுத்து இறக்கம் 8 என்று பென்சிலில் எழுதி, அடித்து, 7 என்று எழுதி, அதையும் அடித்து, பேனாவால் 7½ என்று எழுதியிருக்கிறார். எட்டு பெண் கேட்டது, ஏழு மாமியார் சொன்னது. அரை அங்குலம் அம்மாவின் தீர்ப்பு. "ரெண்டு பேருக்கும் தைக்கணும்லா மக்களே" என்றார், நான் கேட்டபோது. ஒரு வீட்டின் அதிகாரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை அந்த அடித்தல் திருத்தலைவிடத் துல்லியமாகச் சொன்ன ஒரு சிறுகதையை நான் இன்னும் படிக்கவில்லை.

இந்த மண்ணில் பெண்ணின் தோளில் கிடக்கும் துணிக்கு இருக்கும் வரலாறு தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்களுக்கு இல்லை. எங்கள் மாவட்டம் அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூரில் மார்பைத் திறந்து நிற்பது மேலோர் முன் காட்டும் பணிவின் அடையாளம். யார் யார் முன் எவ்வளவு மூடலாம் என்பது சாதிப் படிக்கட்டின் கணக்கு. நாடார் பெண்கள் உள்ளிட்ட பலருக்கு மேல்துணி மறுக்கப்பட்டிருந்தது. கர்னல் மன்றோ திவானாக இருந்த காலத்தில், கிறிஸ்தவரான பெண்கள் குப்பாயம் என்ற சட்டையை அணியலாம் என்று உத்தரவு வந்தது. ஆனால் பெண்கள் குப்பாயத்தோடு நிற்கவில்லை. அதன்மேல் மேல்சாதிப் பெண்களைப்போல நேரியல் என்ற தோள்துணியும் போட்டுக்கொண்டு சந்தைக்கு வந்தார்கள். அதற்குத்தான் அடி விழுந்தது, துணி கிழிபட்டது, கிறிஸ்தவக் கோவில்களும் பள்ளிகளும் எரிந்தன. தோள்சீலைப் போராட்டம் என்று இன்று நாம் சொல்வது இதைத்தான். 1829இல் அரசு, குப்பாயம் சரி, மேல்துணி கூடாது என்று பறைசாற்றியது. கடைசியாக 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜாவின் அறிவிப்பு வந்தது.

அந்த அறிவிப்பைப் பள்ளிப் பாடங்களிலும் மேடைகளிலும் 'உரிமை கிடைத்த நாள்' என்ற ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு தையல்காரியின் மகளாக நான் வாசித்தபோது சிரிப்பும் கோபமும் சேர்ந்தே வந்தன. கிறிஸ்தவ நாடார் பெண்களைப்போல மற்ற நாடார் பெண்களும் சட்டை போட்டுக்கொள்ளலாம். எந்த மதத்து நாடார் பெண்ணும் முரட்டுத் துணியை மீனவப் பெண்கள் கட்டுவதுபோலக் கட்டிக்கொள்ளலாம். வேறு எப்படி வேண்டுமானாலும் மார்பை மூடலாம். ஆனால் உயர்சாதிப் பெண்களைப்போல மட்டும் கூடாது. துணியின் தரம், கட்டும் விதம், யாரைப்போல இருக்கலாம், யாரைப்போல இருக்கக்கூடாது என்பதுவரை ஓர் அரசன் அளவெடுத்துச் சொல்லியிருக்கிறான். மறைக்கும் உரிமையைக் கொடுத்துவிட்டு, தோரணையைக் கையில் வைத்துக்கொண்டான். நாகரிகம், ஃபேஷன் என்று நாம் லேசாகப் பேசும் பொருள் அன்று ஒரு சமூகத்தின் மேல் கீழைத் தீர்மானிக்கும் பொருளாக இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

இதே ஊரில், இதே காலத்தில் நடந்த இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1820களில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் நாகர்கோவில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். தலையணையில் ஊசி குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை இடம் வலமாக மாற்றி மாற்றிப் பின்னும் நுட்பமான வேலை அது. அடிமைகளாக இருந்த பெண்களில் சிலர் அந்தக் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையையே விலை கொடுத்து வாங்கினார்கள். ஐரோப்பியச் சீமாட்டிகளின் கழுத்துக்கும் கைக்கும் அழகு பின்னிக்கொடுத்த பெண்கள், தங்கள் தோளில் ஒரு நேரியலைப் போட்டுக்கொண்டு வடசேரிச் சந்தைக்குள் நடக்கத் துணிச்சல் திரட்ட வேண்டியிருந்தது.

ஆண்களின் உடையும் இந்தக் கணக்கில் உண்டு. தலைப்பாகை கட்டக்கூடாது என்று இருந்த மக்களை, சமயத் தலைவரான அய்யா வைகுண்டர் சாமித்தோப்பில் தலைப்பாகை கட்டிக்கொண்டு வழிபடச் சொன்னார். இன்றும் பதி என்று சொல்லும் அந்த வழிபாட்டிடத்துக்குள் ஆண்கள் அப்படித்தான் நுழைகிறார்கள். கருவறையில் இருப்பது கண்ணாடி. (சுசீந்திரத்திலும் திருவட்டாறிலும் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மேலோர் முன் மேனி திறப்பது மரியாதை என்ற அந்தப் பழைய விதி இப்போது தெய்வத்தின் முன் மட்டும், ஆண்களுக்கு மட்டும் மிஞ்சியிருக்கிறது. எங்கள் பக்கத்தில் எந்த ஆணும் அதை எதிர்த்துப் போராடியதாக நான் கேள்விப்பட்டதில்லை. அவர்களை வேறெங்கும் யாரும் கழற்றச் சொல்லவில்லை என்பதால் இருக்கலாம்.)

இவ்வளவும் நடந்தபோது இலக்கியம் என்ன செய்துகொண்டிருந்தது? ஒரு விதிவிலக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். 1840 வாக்கில் எழுதப்பட்ட, அய்யா வைகுண்டரின் வழியில் வருகிறவர்களின் புனித நூலான அகிலத்திரட்டு அம்மானை, அரசனின் வரிகளையும் மக்கள் பட்ட பாட்டையும் சூட்டோடு சூடாகப் பாடியது. பட்டவர்கள் நடுவிலிருந்து வந்த நூல் அது; அதனால் காத்திருக்கவில்லை. ஆனால் நாம் இலக்கியம் என்று பாடம் வைக்கிற அச்சு உலகத்தில் தோள்சீலைக்காக அடிபட்ட பெண்கள் நெடுங்காலம் இல்லை. பொன்னீலனின் 'மறுபக்கம்' நாவலில் அந்த வரலாறு விரிவாக வருகிறது; அது வெளியானது 2010இல். 1859க்கும் 2010க்கும் நடுவில் எத்தனை தலைமுறை என்று எண்ணிக்கொள்ளுங்கள். வந்ததையும் தக்கவைத்துக்கொள்வது சுலபமல்ல: சிபிஎஸ்இ 9ஆம் வகுப்பு வரலாற்றுப் பாடத்தில் இருந்த இந்தப் பகுதியைத் தேர்வுக்கு வேண்டாம் என்று 2016இல் எடுத்துவிட்டார்கள்.

இங்கே கவிமணியைச் சொல்லாமல் தாண்ட முடியாது. தேரூர்க்காரரான அவர் எழுதிய நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம், காரணவர் என்று சொல்லும் குடும்பத் தலைவர் ஒருவரின் ஐந்தாம் மனைவி தன் கதையைத் தானே சொல்வதுபோல அமைந்தது. தாய்வழி என்றாலே பெண்ணுக்கு நல்லது என்று வெளியூர் நண்பர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நாஞ்சில் நாட்டு வேளாளரிடம் இருந்த முறையில் சொத்து மாமனிடமிருந்து அவர் சகோதரியின் மகனான மருமகனுக்குப் போனது. கட்டிய மனைவியும் பெற்ற பிள்ளைகளும் உகந்துடைமை, நங்குடைமை என்று சிறு பங்குகளை எதிர்பார்த்து நிற்க வேண்டியிருந்தது. அந்த வீட்டுக்குள் நடக்கும் சண்டையையும் சாப்பாட்டையும் வழக்குக்காகக் கோர்ட்டுக்கு அலைந்ததையும் கவிமணி நையாண்டியாக எழுதினார். 1926இல் சட்டம் வந்து அந்த முறை முடிந்தது. ஓர் இலக்கியம் மாற்றத்தை முந்திக்கொண்டு போனதற்கு எங்கள் மாவட்டம் காட்டக்கூடிய ஒரே பெரிய எடுத்துக்காட்டு இதுதான், அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

இருந்தாலும் ஒரு குறை. அதில் பேசுகிறவள் மனைவி. அந்தக் குரலை எழுதியவர் ஆண். மருமக்கள்வழி போனபோது மனைவிக்குப் பிடிமானம் கிடைத்தது, உண்மை. ஆனால் பிறந்த வீட்டில் சகோதரிக்கு இருந்த இடம் என்னவாயிற்று? பின்னால் எங்கள் மாவட்டத்தில் சீதனம் எந்த அளவுக்கு வளர்ந்தது என்பது இங்கே பெண் கட்டிக் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சகோதரியின் பக்கத்திலிருந்து எழுதப்பட்ட ஒரு மான்மியத்தை நான் தேடிக்கொண்டே இருக்கிறேன்.

பெண் தானே எழுதியது என்று நான் கையில் எடுப்பது அழகியநாயகி அம்மாளின் 'கவலை'. பொன்னீலனின் தாயார் அவர். பெரிய பள்ளிப் படிப்பெல்லாம் இல்லாமல், நாம் வீட்டில் பேசுகிற அதே பேச்சில், தன் குடும்பம், பனை, பசி, கல்யாணம், சொத்துச் சண்டை எல்லாவற்றையும் எழுதினார். 1990களின் கடைசியில்தான் அது பாளையங்கோட்டையிலிருந்து நூலானது. அதை வாசித்தபோது எனக்கு நினைவு வந்தது என் ஆச்சியின் காது. பாம்படம் போட்டுத் தோள்வரை தொங்கிய காது அது. என் மாமா பட்டணத்து வீட்டில் பெண் எடுத்தபோது, அந்தக் காதோடு கல்யாணத்துக்கு வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் அதையே பார்த்தார்கள். அடுத்த வருடம் ஆச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்க் காதை வெட்டித் தைத்துக்கொண்டு, சின்னதாக ஒரு கம்மல் போட்டுக்கொண்டு வந்தார். பாம்படத்தை உருக்கி எனக்கு வளையல் செய்தார்கள். ஒரு நாள்கூட ஆச்சி அதைப் பற்றிப் பேசியதில்லை. 'கவலை'யின் மொழியில் எழுதத் தெரிந்திருந்தால் அவர் என்ன எழுதியிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

அதன்பின் வேகம் கூடியது. மலர்வதியின் 'தூப்புக்காரி' 2012இல் சாகித்திய அகாதெமியின் யுவ புரஸ்கார் பெற்றபோது, துடைப்பமும் வாளியும் தூக்குகிற பெண்ணின் பேச்சு, விளவங்கோடு கல்குளம் வட்டாரத்தின் ஒலியோடு, டெல்லிவரை போனது. நல்ல தமிழ் எழுதத் தெரியாதா என்று முகம் சுளித்தவர்களை எனக்குத் தெரியும். நல்ல தமிழ் என்று அவர்கள் சொல்வது எந்தப் படிக்கட்டின் எந்தப் படி என்று 1859 அறிவிப்பைப் படித்தவர்களுக்குப் புரியும்.

மேடையின் கதை வேறு. சுடலைமாடன் கோவில் திருவிழாவான கொடைகளில் ஆடுகிற கணியான் கூத்தில் பெண் வேடமிட்டு ஆடுகிறவர்கள் இருவரும் ஆண்கள். மகுடம் என்ற தோல்கருவியை அடிக்கிறவர்களும் ஆண்கள். இசக்கியின் கதையோ ஏமாற்றிக் கொல்லப்பட்ட ஒருத்தி திரும்பி வந்து கணக்குத் தீர்க்கிற கதை. இசக்கியம்மன் கோவில் இருக்கும் முப்பந்தலுக்குப் போகிறவர்களில் பெரும்பகுதி பெண்கள். அந்தக் கோபத்தை வில்லுப்பாட்டில் அவர்களுக்குப் பாடிச் சொன்னவர்களோ பெரும்பாலும் ஆண் புலவர்கள். நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது எங்கள் ஊர்க் கொடையில் ஒரு பெண் புலவர் வில்லின் முன் உட்கார்ந்தார். வீசுகோலை அவர் ஓங்கி அடித்த முதல் அடியில் வில்லின் மணிகள் குலுங்கியதும், ஆண்கள் பக்கத்தில் கேட்ட சிரிப்பு நின்றதும் இன்றும் காதில் இருக்கின்றன. இசக்கி சாபமிடும் இடத்தில் அவர் பாட்டை நிறுத்திவிட்டுப் பெண்கள் பக்கம் திரும்பி வெறுமனே பார்த்தார். அவ்வளவுதான். என் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். கொட்டாரத்தில் வாழ்ந்த பூங்கனி அம்மாள் போன்றவர்கள் சிறுவயதிலேயே வில்லெடுத்துப் பாடி ஊர் ஊராகப் போனவர்கள். 2018இல் அவர் மறைந்தபோதுதான் பலருக்கு அப்படி ஒருவர் இருந்ததே தெரியவந்தது. ஒரு கலைஞரை அஞ்சலிக் குறிப்பில் கண்டுபிடிக்கும் பழக்கத்தை நாம் எப்போது விடப்போகிறோம்?

இன்றைய உடைக்கு வருகிறேன். தோளில் துணி போட அடி வாங்கிய ஊரில், இன்று ஷால் போடாமல் வருகிற பெண்ணிடம் ஷால் எங்கே என்று கேட்கிறார்கள். கேட்கிறவர்களில் அந்தப் போராட்டத்தைப் பற்றி மேடையில் பேசுகிறவர்களும் உண்டு. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், சுடிதாருக்கு ஷாலை இரண்டு பக்கமும் பின் குத்த வேண்டும் என்று ஆசிரியைகளுக்கு வாய்மொழி உத்தரவு இருந்தது. பின் குத்திய இடம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தவர் ஓர் ஆண். 2023 மார்ச்சில் நாகர்கோவிலில் தோள்சீலைப் போராட்டத்தின் 200ஆம் ஆண்டு விழாவுக்கு தமிழ்நாடு, கேரளம் இரண்டு மாநில முதலமைச்சர்களும் வந்தபோது, எனக்கு அந்தப் பின்தான் ஞாபகத்துக்கு வந்தது. அன்று போடாதே என்றவர்களும் இன்று போடு என்பவர்களும் ஒரே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். இதைச் சொன்னால், அன்று மானத்துக்காகப் போராடினார்கள், இன்று நீங்கள் அதைக் கழற்றப் போராடுகிறீர்கள் என்று பதில் வருகிறது. நேரியல் போட்ட பெண்களுக்குக் குப்பாயம் ஏற்கெனவே இருந்தது என்பதை இவர்கள் மறந்துவிடுகிறார்கள். மூடுவதற்கு மட்டும் என்றால் அது போதும். அதன்மேல் இன்னொரு துணியைப் போட்டது, அவளுக்கு மட்டும் ஏன், எனக்கும் வேண்டும் என்பதற்காக.

அம்மா 2011இல் கண் மங்கித் தையலை நிறுத்தினார். கடை இப்போது என் தங்கையிடம் இருக்கிறது, நோட்டும் தொடர்கிறது. சென்ற வாரம் புரட்டிப் பார்த்தேன். கழுத்து இறக்கத்தைப் பற்றிய அடித்தல் திருத்தல் எதுவும் இப்போது இல்லை. பெண்கள் போனில் படத்தைக் காட்டிவிட்டுப் போகிறார்கள். ஆனால் முன்பு இல்லாத ஒரு சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. 'பாக்கெட், வலது பக்கம், போன் முழுசா இறங்கணும்.' ஒரு பக்கத்தில் அறுபது தாண்டிய எங்கள் பக்கத்து வீட்டு அக்காளின் நைட்டிக்கும் அது எழுதியிருந்தது. எதற்கு என்று தங்கையிடம் கேட்டேன். நூறு நாள் வேலைக் காசை அவர் இப்போது அரிசிப் பானைக்குள் ஒளித்து வைப்பதில்லையாம்.